பொலி என்னும் களத்துச் சொல்

கடந்த தைத்திங்கள் முதல் நாள், தில்லிப் பனிமூட்டம் இன்னும் விலகாத காலைப் பொழுதில், நம் சங்க முற்றத்தில் வைத்த பொங்கற்பானை பொங்கி வழிந்தது. சுற்றி நின்ற பிள்ளைகள் "பொங்கலோ பொங்கல்" என்று முழங்கினர். அம்முழக்கத்தின் நடுவே முதிய குரல் ஒன்று வேறொரு சொல்லை ஒலித்தது. "பொலியோ பொலி! பொலியோ பொலி!" குரலுக்கு உரியவர் என் தந்தையார். மன்னார்குடிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து, தம் வாழ்நாளில் முதன்முறையாகத் தலைநகருக்கு வந்திருந்தார். என் பத்து வயது மகள் என் கையைப் பற்றி இழுத்து, "அப்பா, தாத்தா ஏன் போலியோ போலியோன்னு கத்துறாங்க? சொட்டு மருந்து போடப் போறாங்களா?" என்று கேட்டாள். அருகில் நின்றோர் அனைவரும் சிரித்தனர். நானும் சிரித்தேன். தந்தையார் மட்டும் சிரிக்கவில்லை. "அம்பது வருசமாச்சு தம்பி, இந்தச் சத்தம் போட்டு. வாயில வந்துடுச்சு" என்றார், ஏதோ பிழை செய்துவிட்டவரைப் போல.

அன்றிரவு மகளுக்கு அச்சொல்லை விளக்க முற்பட்டேன். இரண்டு சொற்றொடருக்கு மேல் எனக்குச் செய்தி இல்லை என்பது அப்போதுதான் விளங்கிற்று. நான் புலவன் அல்லேன். இளங்கலைப் பட்டத்தோடு படிப்பை முடித்து, நடுவணரசு அலுவலகம் ஒன்றின் கணக்குப் பிரிவில் எழுத்தராகக் காலம் கழிப்பவன். ஆயினும் என் பாட்டனார் வாயிலும் தந்தையார் வாயிலும் புழங்கிய சொல்லை என் மகள் மருந்தின் பெயராகக் கேட்டது மனத்தை உறுத்தவே, அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அகராதிகளையும் கல்வெட்டுத் தொகுதிகளையும் புரட்டலானேன். அவற்றில் அறிந்ததையும் சிறுவயதில் களத்தில் கண்டதையும் சேர்த்து அன்பர்கள்முன் வைக்கிறேன்.

பொலி எது என்று அறிய விரும்புவோர் முதலில் களத்தைக் காணவேண்டும். நகரத்தில் பிறந்த நம் பிள்ளைகளுக்காக அதனைச் சற்று விரித்தே கூறுகிறேன். அறுத்த தாள் வயலில் அரி அரியாகக் கிடந்து காய்ந்தபின் கட்டாகக் கட்டப்பெற்றுத் தலைச்சுமையாகக் களத்துமேட்டுக்கு வரும். பிடிபிடியாக எடுத்து ஓங்கித் தரையில் அடித்து உதிர்ப்பது முதலடி. அதில் உதிராது தாளில் எஞ்சிய மணிகளுக்காகத் தாளைப் போராக அடுக்கி வைப்பர். சில நாள் சென்றபின் போரைப் பிரித்துப் பரப்பி, மாடுகளை ஒன்றோடொன்று பிணைத்து அதன்மேல் சுற்றிச் சுற்றி மிதிக்க விடுவர். இது போரடி. மிதிபட்ட வைக்கோலை உதறி எடுத்துவிட்டால் தரையில் நெல்லும் பதரும் தூசியும் கலந்து கிடக்கும். அதனைக் கூட்டிக் குவித்த கணம் முதல் அதற்குப் பெயர் பொலி. முறத்தில் ஏந்தித் தலைக்குமேல் உயர்த்திக் காற்று வாக்கில் சரிய விடுவது பொலி தூற்றுதல். தூற்றி முடித்துப் பொன்னிறமாக நிற்கும் குவியலும் பொலியே. அளந்து மூட்டை கட்டி வீடு கொண்டு சேர்த்துவிட்டாலோ அது வெறும் நெல் ஆகிவிடுகிறது! வயலில் நிற்கும்போது பயிர், குதிரில் இருக்கும்போது நெல், இடையில் களத்தில் கிடக்கும் சில நாட்களுக்கு மட்டும் பொலி. ஒரு பொருளுக்கு அதன் வாழ்வின் ஒரு பருவத்திற்கு மட்டும் உரியதாக ஒரு பெயர் வைத்த நுட்பத்தை எண்ணி எண்ணி வியக்கிறேன்.

பொலிக்குச் சில கட்டுப்பாடுகளும் இருந்தன. செருப்புக் காலோடு அதனருகில் செல்லலாகாது. குவியலின் உச்சியில் சாணத்தால் பிள்ளையார் பிடித்து அறுகம்புல் செருகி வைப்பர். அன்றே அளக்க இயலாவிடில் இரவில் குவியலைச் சுற்றிச் சாணத்தாலோ சாம்பலாலோ குறி இடுவர்; எவரேனும் ஒரு கை அள்ளினாலும் மணிகள் சரிந்து குறி கலைந்துவிடும். தெய்வத்திற்கும் காவல், திருட்டுக்கும் காவல். அளக்கும்போது வேண்டாத பேச்சு கூடாது. பாட்டனாரோடு களத்திற்குச் சென்ற எனக்கு அப்போது எட்டு அல்லது ஒன்பது வயது, 1980களின் பிற்பகுதி. பொலி கூட்டுவோரில் மூத்தவர் ஒருவர் முதலில் "பொலியோ" என்று குரல் எடுப்பார். மற்றையோர் "பொலி" என்று முடிப்பர். முடியெல்லாம் நரைத்து, முதுகு வளைந்த அவரை நான் ஒருமையில்தான் அழைத்தேன். எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லோரும் அவ்வாறே அழைத்தோம்; அவர் என்னைத் "தம்பி" என்றும் என் பாட்டனாரை "ஐயா" என்றும் அழைத்தார். அது எனக்கு அன்று சிறிதும் உறைக்கவில்லை.

ஒருநாள் அவரிடம், "பொலின்னா என்ன?" என்றேன்.

"நெல்லுதான் தம்பி. ஆனா இங்க நெல்லுன்னு வாயத் தொறந்து சொல்லக்கூடாது. சொன்னா கொறைஞ்சிடும்."

"யாருக்குக் கொறையும்?"

அவர் என் பாட்டனார் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, "எல்லாருக்கும்தான்" என்று கூறி முறத்தை எடுத்துக்கொண்டார். அவர் விடை பாதிதான் உண்மை என்பதைப் பிற்காலத்தில் அறிந்தேன். அதற்குப் பின்னர் வருகிறேன்.

சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி, பொலி என்னும் வினைக்குச் செழித்தல், பெருகுதல், விளங்குதல் முதலிய பொருள்களைத் தருகிறது. பெயராக வருங்கால் களத்து நெற்குவியல், வட்டி, இலாபம் ஆகிய பொருள்கள் அதற்கு உண்டு. 'முகப்பொலிவு' என்று நாம் இன்றும் கூறுகிறோமே, அந்தப் பொலிவும் இந்தப் பொலியும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். இனப்பெருக்கத்திற்கென்று விடப்பெறும் காளையைப் பொலிகாளை என்பதும் இவ்வேரினின்றே. வாழ்த்துங்கால் 'பொலிக' என்றனர். நம்மாழ்வார் திருவாய்மொழியில் ஐந்தாம் பத்தின் இரண்டாம் திருமொழியை இவ்வாழ்த்துச் சொல்லை மும்முறை அடுக்கித் தொடங்குகிறார். அதனை இராமாநுசரின் வரவைக் குறித்த முன்னறிவிப்பாகக் கொள்வது வைணவ மரபு. எனக்கோ அம்மூன்று அடுக்கைப் படிக்குந்தோறும் களத்துக் குரலே காதில் விழுகிறது. ஆழ்வார் பிறந்த திருக்குருகூர் பொருநை பாயும் நெல்வயல்களின் நடுவே உள்ள ஊர். அக்குரலை அவர் கேளாதிருந்திருக்க முடியுமா? இது என் கற்பனை என்று கொண்டாலும் குறையில்லை.

பொலி என்ற சொல்லைத் தமிழரே தனித்து வைத்துக்கொள்ளவில்லை. பரோ, எமனோ என்னும் இரு அறிஞர்கள் 1961இல் வெளியிட்டு 1984இல் திருத்திப் பதிப்பித்த திராவிடச் சொற்பிறப்பகராதி இதன் இனச்சொற்களைப் பிற திராவிட மொழிகளிலும் காட்டுகிறது. துளுவில் பொலி என்றே உண்டு. கன்னடத்தில் பகரம் ஹகரமாகிச் செழித்த விளைச்சலை 'ஹுலுசு' என்கின்றனர்; என் அலுவலகத்துத் தார்வாட்டு நண்பரிடம் கேட்டேன், தம் ஊர்க் குடியானவர் அன்றாடம் வழங்கும் சொல் என்றார். ஈழத்தில் மட்டக்களப்புப் பகுதி உழவர் சூடு மிதிக்கும்போது பாடுபவற்றைப் பொலிப்பாடல் என்றே வழங்குகின்றனர். சிங்களத்தில் பணத்திற்கு வாங்கும் வட்டிக்குப் 'பொலிய' என்று பெயர். நம் களத்துச் சொல் கடல் கடந்து அண்டை மொழியின் கடன் பத்திரத்தில் அமர்ந்திருக்கிறது.

மலையாளத்தில்தான் ஒரு வியப்பு. அங்கும் பொலி என்றால் பெருக்கம். ஆனால் 'பொலியுக' என்ற வினைக்கு அணைந்துபோதல், மறைதல் என்னும் நேர்மாறான பொருளும் உண்டு. பெருகுவதும் அழிவதும் ஒரே சொல்லில் எவ்வாறு அடங்கும்? இதற்கு நம் வீட்டு வழக்கிலேயே விடை இருக்கிறது என்பது என் கருத்து. தாலிச் சரடு இற்றுப்போனால் நம் பாட்டிமார் அறுந்தது என்று கூறமாட்டார்கள், "பெருகிற்று" என்பார்கள். தில்லிக் கடைத்தெருவில் இரவு கடையடைக்கும் வணிகன், கடையை மூடு என்று பையனிடம் கூறுவதில்லை. 'படா தோ', அதாவது வளர்த்துவிடு என்கிறான். குறைவைச் சொல்ல அஞ்சிய நாக்கு பெருக்கத்தைச் சொல்லி அதனை மறைக்கிறது. நெல்லைப் பொலி என்றதிலும் இத்தகைய அச்சம் ஒன்று கலந்திருக்கவேண்டும். ஓராண்டு உழைப்பு முழுவதும் திறந்த வெளியில், மழைக்கும் திருடனுக்கும் கண்ணேறுக்கும் நடுவில் கிடக்கும் நாட்கள் அவை. அப்போது அதன் பெயரைச் சொல்லாமல், அது ஆகவேண்டியதைச் சொல்லி அழைத்தனர். விளைவுக்கு இட்ட பெயர் என்பதைக் காட்டிலும் வேண்டுதல் என்றே இதனைக் கருதுகிறேன்.

சங்க இலக்கியத்தில் நெற்குவியலுக்கு வழங்கிய சொற்களில் ஒன்றைக் கேட்டால் நம் பிள்ளைகள் நகைப்பார்கள்: குப்பை! பெரும்பாணாற்றுப்படை, மேல்காற்றில் தூற்றிய நெற்குப்பையை வடதிசைப் பொன்மலைக்கு ஒப்பிடுகிறது. குவித்தது எல்லாம் குப்பை. அன்று பொன், இன்று நகராட்சி வண்டியில் ஏறுவது. சொற்களுக்கும் ஏற்றத்தாழ்வு உண்டு போலும். தாளடுக்கைக் குறிக்கும் 'போர்' பழம்பாடல்களில் 'போர்பு' என்னும் வடிவிலும் வருகிறது. போர்க்களத்தை நெற்களமாக உருவகிப்பது புறப்பாடல்களில் பயின்ற வழக்கு. மன்னன் உழவன், யானைகள் மிதிக்கும் எருதுகள், வீழ்ந்த உடல்கள் நெற்போர். தொல்காப்பியம் உழவர் களவழி, தேரோர் களவழி என இரண்டையும் வாகைத் திணையில் அடுத்தடுத்து வைத்தது. சோழன் செங்கணானின் கழுமலப் போரைப் பாடிய பொய்கையாரின் களவழி நாற்பது பெற்ற பெயரும் நெற்களத்தினின்று வந்ததே. ஏர்க்களம் பாடும் பொருநர் என்று ஒரு பிரிவினரே இருந்தனர் என உரையாசிரியர் கூறுவர். களத்தில் பாடிப் பரிசில் பெற்றுச் செல்வது அவர்தம் வாழ்க்கை. ஆக, களத்தில் ஒலிக்கும் குரலுக்கு நெல்லால் விலை கொடுத்த வழக்கம் மிகப் பழையது.

இனிக் கல்வெட்டுக்களுக்கு வருவோம். கணக்கெழுதும் தொழில் உடைய எனக்கு இப்பகுதியே பெருவிருந்தாயிற்று.

சோழர் காலக் கோயிற் கல்வெட்டுக்களில் 'பொலிசை' என்றும் 'பலிசை' என்றும் ஒரு சொல் அடிக்கடி வருகிறது. வட்டி என்பது அதன் பொருள். வட்டிக்கு விடும் முதலைப் 'பொலியூட்டு' என்றனர். ஒருவர் விளக்கெரிக்கவோ திருவமுது படைக்கவோ விரும்பினால் அதற்குரிய பொன்னையோ காசையோ கோயிலுக்கு அளிப்பார். கோயில் அதனை ஊர்ச்சபையாரிடம் ஒப்படைக்கும். சபையார் முதலைத் தொடாமல் ஆண்டுதோறும் பொலிசை மட்டும் செலுத்துவர், சந்திரனும் சூரியனும் உள்ளவரை. 1010ஆம் ஆண்டில் முற்றுப்பெற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுக்களில் காசு ஒன்றுக்கு ஆண்டொன்றுக்கு அரைக்கால் காசு பொலிசை என்ற வீதம் பலமுறை காணப்படுகிறது. அரைக்கால் என்பது எட்டில் ஒரு பங்கு. நம் கணக்கில் நூற்றுக்குப் பன்னிரண்டரை. காசாக மட்டுமன்றி நெல்லாகவும் பொலிசை அளந்தனர். அளப்பதற்கென 'ஆடவல்லான்' என்னும் மரக்கால் தஞ்சைக் கோயிலில் இருந்தது. இராசகேசரி என்னும் மரக்காலுக்கு அது சமம் என்பதையும் கல்வெட்டே கூறுகிறது. இறைவன் பெயரை அளவுக்கு வைத்துவிட்டால் குறைத்து அளக்கும் கை சற்றேனும் நடுங்குமல்லவா!

நந்தாவிளக்கு ஒன்றுக்குத் தொண்ணூற்றாறு ஆடுகள் கொடுக்கும் வழக்கமும் இதே கணக்கைச் சேர்ந்ததுதான். அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்றனர். ஆடு சாகும், மூப்படையும். ஆனால் குட்டி ஈன்று ஈன்று தொகை குறையாமல் நிற்கும். பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் நெய் அளந்தால் போதும். நெல் விதைத்தால் பெருகும், ஆடு ஈன்றால் பெருகும், ஆகவே பொன்னும் கொடுத்து வைத்தால் பெருகவேண்டும் என்ற எண்ணம் இங்கே தெளிவாகத் தெரிகிறது. களத்துச் சொல்லே பொன்னுக்கும் பொருந்திற்று. இன்று நாம் வழங்கும் வட்டி என்ற சொல் பெருக்கம் என்று பொருள்படும் வடமொழி 'விருத்தி'யின் வழிவந்தது என்பர். அவ்வாறாயின் பொருளில் மாற்றமில்லை. வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் ஆண்டுதோறும் மார்ச்சுத் திங்களில் வட்டியைச் சேர்த்து எழுதும்போது, இது ஒரு காலத்தில் முறத்தால் தூற்றிய சொல்லின் வேலை என்ற நினைவு இப்போதெல்லாம் எனக்கு வருகிறது.

ஆனால் பொன் ஈன்று குட்டி போடுவதில்லை. அந்தப் பொலிசை எங்கிருந்தோ வரவேண்டும். ஊர்ச்சபை செலுத்தியது ஊரின் விளைவிலிருந்து. ஊரின் விளைவு களத்தில் முறம் பிடித்தவர் கையிலிருந்து. விதைநெல்லுக்கு வழியின்றிக் கடன் வாங்கிய குடியானவன், அறுவடையானதும் களத்திலேயே முதலோடு பொலியும் அளந்துவிட்டுச் சென்றான். அவன் "பொலியோ பொலி" என்று குரலெடுத்தபோது எந்தப் பொலியை வேண்டியிருப்பான்?

இங்குதான் அந்த முதியவர் கூறிய "எல்லாருக்கும்தான்" என்ற விடையை எண்ணிப் பார்க்கவேண்டியதாகிறது. களம் என்பது பங்கு பிரியும் இடம். ஓராண்டுக் கணக்கு அங்கே ஒருநாளில் தீரும். அரசுக்கோ நிலவுடைமையாளருக்கோ சேர்வது மேல்வாரம், பயிரிட்டவனுக்குக் குடிவாரம். அவற்றைப் பிரிப்பதற்கு முன்னும் பின்னும் கணக்கர், தலையாரி, வெட்டியான், நீர் பாய்ச்சுவோன், தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதர் என ஊழியம் செய்வோர் ஒவ்வொருவருக்கும் அளந்து கொடுப்பர். செங்கற்பட்டுப் பகுதியில் 1767 முதல் 1774 வரை கும்பினியாருக்காகப் பார்னார்டு என்பவர் ஊர் ஊராக எடுத்த கணக்கில், இவ்வாறு விளைவிலிருந்து பிரித்துக் கொடுத்தவை பதிவாகியுள்ளன. களத்தில் பெறும் இந்த உரிமைப் பங்கிற்கு ஊர் வழக்கில் என்ன பெயர் தெரியுமா? சுதந்திரம்! 'களத்துச் சுதந்திரம் வாங்க வந்திருக்கிறான்' என்பார்கள். 1947ஆம் ஆண்டுக்குப் பின் பிறந்த நமக்கு வேறு பொருளில் மட்டுமே தெரிந்த அச்சொல், முன்னர் முறத்தில் ஏந்திப் பெற்ற நெல்லைக் குறித்தது.

அச்சுதந்திரத்தின் கடைசி வரியில் இருந்தவர் பண்ணையாட்கள். அறுத்தவரும் அடித்தவரும் தூற்றியவரும் அவரே. அளக்கும் மரக்கால் மட்டும் அவர் கையில் இல்லை. தஞ்சை மாவட்டத்தில் இந்த ஏற்றத்தாழ்வு முற்றி, விவசாயிகள் இயக்கம் வலுத்தபின், 1952இல் இராசாசி முதலமைச்சராக இருந்தபோது தஞ்சைக் குத்தகையாளர், பண்ணையாள் பாதுகாப்புக்கென ஓர் அவசரச் சட்டம் பிறந்தது. 1956ஆம் ஆண்டின் நியாய வாரச் சட்டம் நன்செய் விளைவில் நிலவுடைமையாளரின் பங்கை நூற்றுக்கு நாற்பது என வரையறுத்தது. எங்கள் பாட்டனார் குத்தகை உழவர். அச்சட்டத்தால் பயன் பெற்றவர். அவர் தம் களத்தில் வேலை செய்தோருக்கு அளந்த கூலி நெல்லைப் பற்றி வீட்டில் எவரும் பேசியதில்லை. 1968ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் இரவு, கீழவெண்மணியில் கூலி உயர்வு கேட்டுப் போராடிய உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரே குடிசையில் எரிந்து மாண்டனர். கலத்துக்கு இன்னும் சிறிது நெல் கூட்டிக் கொடுக்கும்படி எழுந்த வேண்டுகோள் அவ்வாறு முடிந்தது. 1969இல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. என் தந்தையார் அப்போது இளைஞர். அந்த நாளைப் பற்றி அவரிடம் இம்முறை கேட்டேன். நெடுநேரம் வாளாவிருந்து, "அந்த வருசம் களத்துல பொலி சொல்ல ஆளு வந்தாங்க. சத்தம் மட்டும் வரல" என்றார். வேறொன்றும் கூறவில்லை.

அளக்கும் முறையைப் பற்றியும் கூறவேண்டும். எட்டு நாழி ஒரு குறுணி, அதுவே மரக்கால். இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி, மூன்று தூணி ஒரு கலம். ஆகவே கலம் என்பது பன்னிரண்டு மரக்கால். அளப்பவர் முதல் மரக்காலைச் சரிக்கும்போது 'ஒன்று' என்று எண்ணமாட்டார். 'லாபம்' என்பார். அடுத்ததே இரண்டு. ஒன்று என்பது தனிமை, முடிவு. அதனால் அதை விலக்கினர் போலும். பொலியைக் கூப்பிட்டுக் கூட்டிய களத்தில் லாபத்தில் தொடங்கி எண்ணினர். இரண்டும் ஒரே வேண்டுதலின் இரு மொழி வடிவங்கள். லாபம் வடசொல் என்று முகம் சுளிக்கும் அன்பர்களும் உளர். அளப்பவர் இலக்கணம் பார்த்து அளந்ததில்லை என்பதை நினைவூட்டுகிறேன்.

1956ஆம் ஆண்டின் எடையளவுச் சட்டத்திற்குப் பின் மெட்ரிக் முறை படிப்படியாக வந்து, மரக்கால் லிட்டருக்கும் கிலோவுக்கும் இடம் விட்டது. இப்போது எங்கள் ஊரில் அறுவடை எந்திரம் வயலிலேயே அறுத்து, அடித்து, தூற்றி, நெல்லை நேரே வண்டியில் கொட்டிவிடுகிறது. அங்கிருந்து அது கொள்முதல் நிலையத்திற்குச் செல்கிறது. நெல் களத்தில் கிடக்கும் அந்தச் சில நாட்கள் இல்லாது போயின; அந்நாட்களுக்கென்றே இருந்த பெயரும் அவற்றோடு விடைபெற்றது. களத்துமேட்டில் இப்போது வீடுகள். முதுகொடியும் வேலை போனதற்கு வருந்தும் உரிமை, முதுகு ஒடியாத எனக்கு இல்லை. எங்கள் வீட்டு மரக்கால் மட்டும் பரணிலிருந்து இறங்கி, தந்தையாரின் பெட்டியில் துணிகளுக்கு நடுவே தில்லி வந்து சேர்ந்தது. என் மனைவி அதை அரிசிப் பெட்டியின்மேல் வைத்திருக்கிறார்.

தந்தையார் ஊர் திரும்புவதற்கு முன், வடநாட்டு நெல் எப்படி இருக்கிறது என்று பார்க்கவேண்டும் என்றார். ஒரு சனிக்கிழமை மகளையும் உடன் அழைத்துக்கொண்டு நரேலா தானிய மண்டிக்குச் சென்றோம். தளத்தில் மலைமலையாகத் தானியம் குவிந்து கிடந்தது. தந்தையார் என் தடுப்பையும் மீறிச் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு குவியல்களுக்கு இடையே நடந்தார். ஒரு குவியலில் ஒரு மணியை எடுத்துக் கடித்துப் பார்த்து, "ஈரம் இருக்கு" என்றார். சற்றுத் தள்ளி முதிய எடையாளர் ஒருவர் தராசில் மூட்டை ஏற்றி எண்ணிக்கொண்டிருந்தார். முதல் மூட்டைக்கு அவர் 'ஏக்' என்று கூறவில்லை. "பர்க்கத்" என்றார், பிறகு தோ, தீன் என்று தொடர்ந்தார்.

தந்தையாருக்கு இந்தி ஒரு சொல்லும் தெரியாது. ஆயினும் என் மகளின் தோளைத் தட்டி, "கேட்டியா கண்ணு, லாபம்ங்கிறான்" என்றார்.